திறந்தால் மறந்துவிடும் பெட்டி

வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: "உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுக்க முடியுமா?" ஒருவருக்குக் கார்டு மெஷின், இன்னொருவருக்கு ஐசி என்கிற அடையாள அட்டை, வேறொருவருக்குப் பூட்டிய ஃபோன். அதனால் மற்றக் கடிதங்களை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: நான் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டில் ஃபோனும் கடைச் சாதனங்களும் பழுது பார்க்கிறேன். பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். கடை போடுவதற்கு முன்னால் 11 வருடம் பினாங்கில் பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன்.

கேள்வி: தங்கச்சி, என் மளிகைக் கடையில் கார்டு மெஷினைப் பேரன் தட்டிவிட்டான். சிமெண்டுத் தரையில் விழுந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் திரையில் 'டேம்பர்ட்' என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை வந்து நிற்கிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையவில்லை. வங்கியில் கேட்டால் ரிப்பேர் கிடையாது, மாற்றித்தான் தருவோம் என்கிறார்கள். நல்ல மெஷினை ஏன் தூக்கிப் போடவேண்டும்? நீங்கள் திறந்து பார்க்கக் கூடாதா?
— மளிகைக் கடைக்காரர், சுங்கை சிப்புட்

பதில்: அண்ணே, திறக்கமாட்டேன். ஒரு முறை திறந்து பட்டிருக்கிறேன்.

கடை போட்ட இரண்டாம் வருடம். தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. ஒரு துணிக்கடைக்காரர் இதே மாதிரி மெஷினைக் கொண்டுவந்தார். ஐந்தாம் எண் சரியாக அமுங்கவில்லை, வேறு கோளாறு இல்லை. பொத்தானுக்கு அடியில் கரி தேய்ந்திருக்கும், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நாலு திருகாணியைக் கழற்றினேன். மூடியை ஓர் அரிசி உயரத்துக்குக்கூடத் தூக்கியிருக்கமாட்டேன், அணைந்திருந்த திரை தானாக விழித்துக்கொண்டு உங்கள் மெஷினில் வந்த அதே வார்த்தையைக் காட்டியது. 'யாரோ கைவைத்துவிட்டார்கள்' என்று அதற்கு அர்த்தம். மூடியைத் திரும்பப் பொருத்தினேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். எதற்கும் அசையவில்லை. அந்த நாலு நாளும் அவர் ரொக்கத்துக்குத்தான் விற்றார். கார்டோடு வந்த கூட்டம் எதிர்க்கடைக்குப் போனதை நானே என் வாசலில் நின்று பார்த்தேன். மெஷினுக்கு வங்கி கேட்ட தொகையை மாதம் 50 வெள்ளியாக (ரிங்கிட்) அவருக்குக் கட்டி முடித்தேன்.

அப்புறம்தான், எனக்குத் தெரியாமல் உள்ளே என்ன நடந்தது என்று பார்த்தே தீரவேண்டும் என்று தோன்றியது. ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமைப் பழைய பொருள் சந்தையில் ஏற்கெனவே செத்துப்போன ஒரு மெஷினைப் பத்து வெள்ளிக்கு வாங்கி, ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து பிரித்தேன்.

முதலில் வந்தது பொத்தான்கள் உள்ள ரப்பர் விரிப்பு. ஒவ்வொரு பொத்தானுக்கு அடியிலும் ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். அழுத்தினால் அது பலகையில் இருக்கும் தங்க முலாம் கோடுகளைத் தொடும். இது டிவி ரிமோட்டில்கூட இருப்பதுதான். ஆனால் இந்த விரிப்பில், மேலே பொத்தானே இல்லாத மூலைகளிலும் அதே கறுப்பு வட்டங்கள் இருந்தன. மூடி இறுக்கமாக அழுத்திக்கொண்டிருக்கும் வரை அவை பலகையைத் தொட்டபடியே இருக்கும். மூடி இம்மி விலகினால் தொடுப்பு விட்டுப்போகும். காவல் அங்கேதான் இருக்கிறது.

அதற்கும் கீழே, முக்கியமான சிப்பை மூடி ஒரு பழுப்புப் படலம், வெற்றிலை அளவுக்கு. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. லென்ஸை வைத்தேன். தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கோடுகள், பாய் முடைந்த மாதிரி நெருக்கி நெருக்கி, போய் வளைந்து திரும்பி வந்து, முழுப் படலத்தையும் நிரப்பியிருந்தன. ஊசி நுழைய இடைவெளி இல்லை. துளை போட்டால் ஏதாவது ஒரு கோடு அறும். அறுந்தால் சிப்புக்குத் தெரிந்துவிடும். பக்கத்தில் இருபது சென் காசு அளவில் ஒரு பேட்டரி. மெஷினை அணைத்தாலும், சார்ஜ் இறங்கிப்போனாலும், இந்தக் காவலுக்கு இரவும் பகலும் மின்சாரம் கொடுப்பது இந்தச் சின்னப் பேட்டரிதான்.

இவ்வளவும் எதைக் காக்க? சில வரி எண்களை. அவற்றைச் 'சாவி' என்று சொல்வார்கள். உங்கள் வாடிக்கையாளர் அழுத்தும் ஆறு ரகசிய எண்களை வங்கிக்கு அனுப்பும்போது, அந்தச் சிப்புக்குள்ளேயே இந்தச் சாவியால் உருத்தெரியாமல் கலைத்துத்தான் வெளியே விடுகிறது. கல்லாவில் நிற்கும் உங்களுக்கும் அது தெரியாது, நடுவில் இணைப்பில் ஒட்டுக்கேட்பவனுக்கும் தெரியாது. பல மெஷின்களில் ஒவ்வொரு விற்பனைக்கும் புதிய சாவி. முதல் சாவியை ஏற்றுவதே தனி அறையில்தான். முழுச் சாவியும் ஒரே ஆளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக இரண்டு மூன்று பேர் ஆளுக்கொரு துண்டு வைத்திருப்பார்கள். கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டுத் தலைவர் ஒரு சாவி, பொருளாளர் ஒரு சாவி வைத்திருப்பார்களே, அப்படி.

சாவியை எழுதி வைத்திருக்கும் நினைவகம், மின்சாரம் இருக்கும் வரைதான் எதையும் நினைவில் வைத்திருக்கும். காவல் கலைந்தது என்று தெரிந்த கணமே சிப் அதை அழித்துவிடுகிறது. தரையில் விழுந்த அதிர்ச்சியில் ஒரு தொடுப்பு ஒரு கணம் விலகியிருந்தாலும் போதும். பேரன் தட்டினானா, திருடன் திறந்தானா என்று அதற்குத் தெரியாது. தப்பாகச் சந்தேகப்பட்டுச் செத்துப்போனால் ஒரு மெஷின் நட்டம், சந்தேகப்படாமல் விட்டால் ஊரில் உள்ளவர்களின் கணக்கே நட்டம் என்று எண்ணி, முதலாவதைத் தேர்ந்தெடுத்துச் செய்திருக்கிறார்கள். மாத ஓய்வூதியத்தைக் கார்டில் வைத்துக்கொண்டு உங்கள் கடைக்கு வரும் பெரியவர்களை நினைத்தால், எனக்கும் அது சரியான கணக்காகவே படுகிறது. என் கையில் எந்தக் கோளாறையும் சரி செய்யும் கருவி இருந்தாலும், அழிந்த சாவியை என்னால் திரும்ப எழுத முடியாது. அதனால் வங்கி சொல்வதுதான் சரி. மாற்றிக்கொள்ளுங்கள்.

விழுந்த நாளின் கணக்கை அன்று முடித்திருக்காவிட்டால், கடைப் பிரதி ரசீதுகளை ஒன்றுகூட விடாமல் எடுத்து வைத்து வங்கியிடம் சொல்லுங்கள். புது மெஷின் வந்ததும் அதன் பின்னால் இருக்கும் சீரியல் எண்ணைப் படம் பிடித்து வையுங்கள். "வங்கியிலிருந்து வருகிறேன், மெஷினை மாற்ற வேண்டும்" என்று சட்டையில் அட்டை மாட்டிக்கொண்டு யாராவது வந்தால், வங்கியைக் கூப்பிட்டுக் கேட்காமல் தராதீர்கள். மெஷினைத் திறக்க முடியாதவன் மெஷினையே மாற்றிவிட்டுப் போவான். வாரம் ஒரு முறை சீரியல் எண்ணைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அரை நிமிட வேலை. அதோடு, உபரியாக ஒரு மெஷின் இருந்தால் வருடக்கணக்கில் அலமாரியில் போட்டு வைக்காதீர்கள். உள்ளே அந்தச் சின்னப் பேட்டரி தீர்ந்தாலும் சாவி போய்விடும்.

கேள்வி: மகளே, எனக்கு 74 வயது. ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்தவன். அரசாங்கம் கொடுத்த 100 வெள்ளிக்குச் சாமான் வாங்கக் கடையில் ஐசியைக் கொடுத்தேன். பையன் ஏதோ கருவியில் செருகி எடுத்தான். வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டுக்காரர், "அதில் இருக்கிற சிப்பைக் காப்பி அடித்து உன் பேரில் இன்னொரு ஐசி செய்துவிடுவான்" என்று பயமுறுத்திவிட்டார். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.
— ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, லிந்தாங்

பதில்: ஐயா, நன்றாகத் தூங்குங்கள். அந்த 100 வெள்ளி கார்டுக்குள் இருக்கவில்லை. உங்கள் ஐசி எண்ணுக்கு நேராக வேறிடத்தில் கணக்கில் இருந்தது. கடையில் செருகியது, வந்திருப்பது நீங்கள்தானா என்று பார்க்க.

எதிர்வீட்டுக்காரர் மனதில் இருப்பது அந்தக் கால வங்கிக் கார்டாக இருக்கும். அதன் முதுகில் கறுப்புப் பட்டை ஒன்று இருந்தது. அது கேசட் நாடாவுக்கு உறவு. நாடாவை எந்த ரேடியோவில் போட்டாலும் பாடுகிற மாதிரி, அந்தப் பட்டையை எந்தக் கருவியிலும் இழுத்துப் படித்து இன்னொரு கார்டில் அப்படியே பதிந்துவிடலாம். 2000களின் தொடக்கத்தில் நம் நாட்டில் இப்படித் திருடுவது பெரிய தலைவலியாக இருந்ததால்தான் வங்கிகள் சிப்புக்கு மாறின. பிறகு 2017இல் கையெழுத்தும் போய் ஆறு எண் வந்தது.

சிப் நாடா மாதிரி இல்லை. அது ஒரு குட்டிக் கணினி. சிப் வைத்த நம் ஐசியான மைகார்டு 2001 செப்டம்பர் 5ஆம் தேதி வந்தது. முதலில் 32 கிலோபைட், அப்புறம் 64. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு படத்துக்குக்கூட அந்த இடம் போதாது. ஆனால் அதற்குள் உங்கள் பெயர், முகவரி, முகப்படம், இரண்டு பெருவிரல் ரேகை எல்லாம் அடங்கியிருக்கின்றன. உள்ளே எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும் என்றால் அதற்கான சாவி வேண்டும், அந்தச் சாவி மளிகைக் கடையில் கிடையாது. பிளாஸ்டிக்கைச் சுரண்டினால் சிப் கெட்டுப்போகுமே தவிர இன்னொரு ஐசி பிறக்காது.

நான் பயப்படுவது சிப்பைப் பற்றி இல்லை ஐயா. ஃபோட்டோஸ்டாட் பற்றி. உங்கள் ஐசியின் 12 எண்ணில் முதல் ஆறு உங்கள் பிறந்த நாள். அடுத்த இரண்டு 08 என்றிருந்தால் பேராக்கில் பிறந்தவர். கடைசி எண் ஒற்றை என்றால் ஆண். சிப்பைத் தொடாமலே இவ்வளவும் காகிதத்தில் தெரிகிறது. கடன் வாங்கித் தருகிறேன், லைசென்ஸ் புதுப்பித்துத் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் இரண்டு பக்கமும் பிரதி எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். போன வருடம் என் கடைக்கு வடை வந்தது ஒரு காகிதத்தில், பிரித்தால் முன்பின் தெரியாத ஓர் அம்மாவின் ஐசி பிரதி. முகம், எண், வீட்டு முகவரி எல்லாம் எண்ணெயில் ஊறி இன்னும் நன்றாகத் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது. நான் அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு வந்தேன்.

இனிமேல் யாருக்காவது பிரதி கொடுத்தால், படத்தின் மேல் படாமல் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று மலாயில் எழுதி, தேதி போடுங்கள். வங்கிக் கணக்குக்குக் கொடுத்ததை ஃபோன் லைன் எடுக்க யாரும் பயன்படுத்த முடியாமல் போகும். எழுதப் பேரப்பிள்ளைகள் யாராவது உதவுவார்கள். கடையில் பெருவிரல் வைக்கச் சொன்னால், எதற்கு என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் போன தைப்பூசம் முடிந்த வாரம் தவறிவிட்டார். லாரி ஓட்டினார். அவர் ஃபோன் என்னிடம் இருக்கிறது, ஆனால் அந்த ஆறு எண் தெரியாது. பிள்ளைகளோடு எடுத்த படமெல்லாம் அதில்தான். அவர் குரலும் அதில்தான். ஒரு கடையில் 600 வெள்ளி கொடுத்தால் திறந்து தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?
— மூன்று பிள்ளைகளின் தாய், சாலாக் நோர்த்

பதில்: தங்கச்சி, அந்த 600 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். ஃபோனையும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். இப்படிச் சொல்கிற பல இடங்களில் செய்வது ஒன்றுதான்: ஃபோனை முழுக்க அழித்து, புதிது மாதிரி திறந்து கையில் கொடுப்பார்கள். பூட்டுப் போய்விடும். நீங்கள் தேடுவதும் அதோடு போய்விடும்.

பழைய ஃபோன் என்றால் கதை வேறு. நினைவகச் சிப்பைச் சூடு காட்டிக் கழற்றி, வேறு கருவியில் வைத்துப் படித்துவிடலாம், நானே செய்திருக்கிறேன். பாயான் லெப்பாஸில் இருந்தபோது, பழுதான சிப்பின் கறுப்பு மேலோட்டை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத் திறப்பதைத் தினமும் பார்த்தவள் நான். புகைக்கூண்டுக்கு அடியில் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, கழுவு. ஓடு கரைந்ததும் உள்ளே தங்கக் கம்பிகள் சிலந்தி நூல் மாதிரி நிற்கும். ஆக, சிப்பைத் திறப்பது எனக்குப் பெரிய காரியம் இல்லை. ஆனால் இன்றைய ஃபோனில் நினைவகத்தைக் கழற்றிப் படித்தாலும் வருவது வெறும் குப்பை எழுத்து. அதை ஒழுங்காக்கும் சாவி வேறொரு சிப்புக்குள் இருக்கிறது. ஐஃபோனில் 2013இல் வந்த 5எஸ் முதல் இதற்கென்று தனிப் பகுதி உண்டு. ஆண்ட்ராய்டிலும் இப்போது வரும் ஃபோன்களில் இதே ஏற்பாடுதான். தொழிற்சாலையிலேயே அந்தச் சிப்புக்குள் பதிந்த ஓர் எண்ணும், உங்கள் வீட்டுக்காரர் மனதில் வைத்திருந்த ஆறு எண்ணும் சேர்ந்தால்தான் சாவி. முதல் எண் சிப்பை விட்டு வெளியே வராது. ஆறு எண்ணில் மொத்தம் பத்து இலட்சம் சேர்க்கை இருக்கிறது. அவற்றை அந்த ஃபோனிலேயேதான் ஒவ்வொன்றாக முயல வேண்டும். சில முறை தப்பானதும் ஒரு நிமிடம் பொறு, ஐந்து நிமிடம் பொறு, ஒரு மணி நேரம் பொறு என்று அது தள்ளிக்கொண்டே போகும். பத்து முறை தப்பினால் எல்லாவற்றையும் அழித்துவிடு என்று அவர் போட்டிருந்தால் அழித்தேவிடும். அதனால் பிள்ளைகளை விளையாட்டுக்குக்கூட எண் போட விடாதீர்கள்.

இனிச் செய்யக்கூடியவை. பக்கவாட்டில் மெமரி கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோனை அணைத்துவிட்டு எடுத்து என்னிடம் கொண்டுவாருங்கள். அதில் பொதுவாக இந்தப் பூட்டு கிடையாது, படங்கள் இருந்தால் அன்றே எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம். அவருடைய சிம் லைனுக்கு மாதா மாதம் காசு போட்டு உயிரோடு வைத்திருங்கள், இல்லாவிட்டால் அந்த எண் வேறு ஆளுக்குப் போய்விடும். கூகுளில் அவர் படங்கள் தானாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம். இறந்தவர் கணக்குக்குக் குடும்பத்தார் விண்ணப்பம் செய்ய அவர்களிடம் முறை இருக்கிறது, இறப்புச் சான்றிதழ் வேண்டும். ஐஃபோன் என்றால் ஆப்பிளிடமும் அப்படி ஒரு வழி உண்டு. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும், நான் எழுதித் தருகிறேன். கிடைத்தே தீரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

அவர் குரல் வேண்டும் என்று கேட்டீர்கள். என் கதை ஒன்றைச் சொல்கிறேன். அப்பா 2019இல் போனார். நாற்பது வருடம் பால் வெட்டியவர். அவர் ஃபோனுக்கும் ஆறு எண் பூட்டு. இந்தத் தொழிலே செய்யும் நான் அவரிடம் அந்த எண்ணை ஒரு நாளும் கேட்டதில்லை. பிறந்த நாள் போட்டேன், அம்மா போன நாள் போட்டேன், தோட்டத்துச் செக்ரோல் (சம்பளப் பதிவேடு) எண்ணுக்கு முன்னால் சுழியம் சேர்த்துப் போட்டேன். ஃபோன் பொறு என்றது. நிறுத்திவிட்டேன். அது இன்னும் என் மேசை இழுப்பறையில், சார்ஜ் போட்டபடி இருக்கிறது.

ஆனால் ஜொகூரில் என் தங்கை இருக்கிறாள். அப்பாவுக்குத் தட்டச்சு வராது, அவளுக்கு வாட்ஸ்அப்பில் பேசித்தான் அனுப்புவார். கருமாதி முடிந்த பிறகுதான் அவளுக்கே நினைவு வந்தது. மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள், 41 குரல் செய்திகள். "கருவாடு வாங்கி வச்சிருக்கேன், பஸ்ஸுல அந்தப் பக்கம் யாராச்சும் வந்தா சொல்லு, வச்சிர்றேன்." எல்லாச் செய்தியும் "வச்சிர்றேன்" என்றுதான் முடியும். பின்னால் கோழி கூவுவதுகூடக் கேட்கும்.

அவர் ஃபோன் பேசாது தங்கச்சி, ஆனால் அவர் பேசி அனுப்பியது யார் யாருக்கு அனுப்பினாரோ அவர்கள் ஃபோனில் இருக்கிறது. லாரி முதலாளி, கூட ஓட்டியவர்கள், அண்ணன் தம்பி, பள்ளிக்கூட குரூப்பில் இருக்கிற பெற்றோர், எல்லாரையும் இந்த வாரமே கேளுங்கள். ஃபோன் மாற்றுவதற்குள், இடமில்லை என்று அழிப்பதற்குள் கேளுங்கள். அனுப்பச் சொல்லி வாங்கி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிரதி போட்டு வையுங்கள். உங்கள் ஃபோனையும் தேடுங்கள், உங்களுக்கே எத்தனையோ அனுப்பியிருப்பார்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: கூகுளில், நான் இத்தனை மாதம் வராவிட்டால் இன்னாருக்குத் தெரியப்படுத்து, இதையெல்லாம் கொடு என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2013 முதல் வசதி இருக்கிறது. ஐஃபோனில் 2021 கடைசியில் வந்தது. இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து செய்யுங்கள்.

கேள்வி: பழைய ஃபோனை விற்கப் போகிறேன். ரீசெட் போட்டால் போதுமா?
— வாசகி, செம்மூர்

பதில்: எப்போது வாங்கியது என்பதைப் பொறுத்தது. அண்மைய ஃபோன்களில் ரீசெட் போட்டால் சாவி அழிகிறது. சாவி போனால் உள்ளே மிச்சம் இருப்பது யாருக்கும் புரியாத எழுத்து, அதனால் போதும். பத்துப் பதினைந்து வருடத்துப் பழைய ஆண்ட்ராய்டு என்றால் விற்காதீர்கள். 2015இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 21 பழைய ஆண்ட்ராய்டு ஃபோன்களை ரீசெட் செய்துவிட்டுத் தோண்டிப் பார்த்தார்கள், படமும் செய்தியும் திரும்ப வந்தன. அந்த விலைக்கு அதை விற்பதில் அர்த்தமில்லை. எந்த ஃபோனாக இருந்தாலும் மெமரி கார்டையும் சிம்மையும் கழற்றிவிடுங்கள். வாரம் ஒன்றாவது எனக்கு வரும் பழைய ஃபோனில் யாருடைய கார்டாவது உள்ளேயே இருக்கிறது.

கேள்வி: அக்கா, ஈப்போவில் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கிறேன். திறந்தால் அழிந்துவிடும் கருவிகளைப் பற்றி வகுப்பில் சொன்னார்கள். உடைக்கவே முடியாத கருவி என்று ஒன்று உண்டா? வீட்டில் இதெல்லாம் சோறு போடுமா என்கிறார்கள்.
— மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. சோறு போடும். நான் சாப்பிடுகிறேனே.

உடைக்க முடியாதது என்று ஒன்று இல்லை. எவ்வளவு காசு, எவ்வளவு நாள், எவ்வளவு மூளை செலவாகும் என்பதுதான் கேள்வி. மின்சாரம் போனதும் மறந்துவிடும் என்று மேலே மளிகைக்கடை அண்ணனுக்கு ஒரு நினைவகத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அது குளிரில் சீக்கிரம் மறப்பதில்லை. கேம்பிரிட்ஜில் செர்கெய் ஸ்கோரோபொகாடோவ் என்ற ஆய்வாளர் 2002இல் இதை அளந்து எழுதினார். அதனால்தான் நல்ல கருவிகளில் குளிரை உணரும் உணரியும் வைக்கிறார்கள், உறையவைக்க வந்தாலே அழித்துவிடும். அதே வருடம் அவரும் ராஸ் ஆண்டர்சனும் 30 டாலருக்குக் கிடைத்த பழைய கேமரா ஃபிளாஷை நுண்ணோக்கியில் பொருத்தி, ஓடு நீக்கிய சிப்பின் மேல் அடித்து, உள்ளே ஒரே ஒரு பிட்டை, அதாவது 0 அல்லது 1 என்று இருக்கும் ஒரே ஓர் இடத்தை, மாற்றிக் காட்டினார்கள். பால் கோச்சரும் அவர் குழுவும் 1999இல் எழுதியது இன்னும் அழகு. சிப்பைத் தொடவே இல்லை, அது கணக்குப் போடும்போது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மட்டும் பார்த்துச் சாவியைக் கண்டுபிடித்தார்கள். அம்மி சத்தத்தை வைத்து அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்று என் பாட்டி சொல்வார்.

வங்கிகளின் கணினி அறையில் அப்போது இருந்த ஐபிஎம் 4758 என்ற பெட்டி, அமெரிக்க அரசுத் தர அளவில் மிக உயர்ந்த நான்காம் படியை முதலில் எட்டியது. துளைத்தாலும் குளிரவைத்தாலும் எக்ஸ்ரே காட்டினாலும் தன்னை அழித்துக்கொள்ளும். 2001இல் மைக் போண்ட், ரிச்சர்ட் கிளேட்டன் என்ற இருவர் அதைத் தொடவில்லை. அதிலிருந்த மென்பொருளுக்குச் சரியான கட்டளைகளையே, யாரும் எதிர்பாராத வரிசையில் கொடுத்தார்கள். சுமார் 1,000 டாலர் பலகை ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டுச் சாவியை எடுத்துவிட்டார்கள். ஐபிஎம் அதைப் பிறகு திருத்தியது.

எனக்குப் பிடித்தது 2008. சார் டிரிமர், ஸ்டீவன் மர்டாக், ராஸ் ஆண்டர்சன் மூவரும் பிரிட்டனில் புழங்கிய கார்டு மெஷின்களை எடுத்துப் பார்த்தார்கள். நான் லென்ஸில் பார்த்த அதே மாதிரிப் படலம், அதே காவல் எல்லாம் இருந்தது. ஆனால் கார்டுக்கும் மெஷினுக்கும் நடுவே தகவல் போகும் ஒரு கோடு காவலுக்கு வெளியே ஓடியது. பின்பக்கம் ஒரு சிறு பள்ளம், அதில் ஒரு ஓட்டை. காகிதம் கோக்கும் கிளிப்பை நிமிர்த்தி அந்த ஓட்டையில் விட்டார்கள், கோட்டைத் தொட்டது, ரகசிய எண் அப்படியே வெளியே வந்தது. இதைப் படித்த அன்று பத்து வெள்ளி மெஷினை மறுபடியும் எடுத்து, ஓட்டை ஓட்டையாக லாம்பு அடித்துத் தேடினேன். எதைப் பூட்டினார்கள் என்று பார்ப்பதைவிட எதை விட்டுவிட்டார்கள் என்று பார்க்கும் கண் உங்களுக்கு வர வேண்டும். பாடப்புத்தகத்தில் அது மெதுவாகத்தான் வரும், பிரித்துப் பார்த்தால் சீக்கிரம் வரும்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது. வாருங்கள். அந்த மெஷின் இன்னும் டின்னில் இருக்கிறது, படலத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நுண்ணோக்கி என்னிடம் இருக்கிறது, நீங்கள் நோட்டுப் புத்தகமும் ஒரு காகிதக் கிளிப்பும் கொண்டுவந்தால் போதும்.